கைக்கு ஏற்ற கழுத்து

கிணற்றில் நீர் இறைத்துப் பழகியவர்கள் ஒன்றை நன்கு அறிவர். கைக்கு நிறைவான பருமனுடைய தாம்புக்கயிறாக இருந்தால், பெரிய வாளியையும் அலுப்பின்றி இழுத்துவிடலாம். அதே வாளியை மெல்லிய சணற்கயிற்றில் கட்டி இறைத்துப் பாருங்கள். பத்து வாளி நீர் மேலே வருவதற்குள் உள்ளங்கை சிவந்து எரியத் தொடங்கும். வாளியின் சுமையில் மாற்றம் ஏதுமில்லை. கை பற்றியிருக்கும் பொருளின் பருமன்தான் மாறியிருக்கிறது. சுத்தியலுக்குப் பிடி போடும் தச்சரும் உலக்கையைக் கடைந்து கொடுப்பவரும் இந்த உண்மையை எந்த நூலிலும் படித்தவர்களல்லர். ஆயினும் அவர்கள் கருவியின் பிடியைக் கையை அளவாகக் கொண்டே செய்து வந்திருக்கிறார்கள்.

இசைக்கருவிக்கும் இந்த உண்மை பொருந்தும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மின்சாரக் கிதார். அதன் ஒலியைப் பற்றியோ, அதனை வாசித்துப் புகழ்பெற்றவர்களைப் பற்றியோ நான் விரிவாகப் பேசப்போவதில்லை. கிதாரின் கழுத்து என்று கூறப்படும் நீண்ட மரப்பகுதியைப் பற்றி, அதிலும் அதன் பருமனைப் பற்றி மட்டுமே சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். இது மிகச் சிறிய செய்தி என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தச் சிறிய செய்தியை அறியாமையால் நான் இசையையே கைவிடும் நிலைக்கு வந்தேன். ஆதலின் அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இளமையில் சில ஆண்டுகள் கிதார் வாசித்தவன் நான். பிறகு வேலை, குடும்பம் என்று காலம் ஓடிவிட்டது. ஐம்பது வயதைக் கடந்தபின் மீண்டும் வாசிக்க ஆசை பிறந்தது. கடைக்குச் சென்றேன். “கழுத்து எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு வாசிப்பது எளிது” என்று விற்பனையாளர் கூறினார். அது நியாயமாகவே பட்டது. மிக மெல்லிய கழுத்துடைய கிதார் ஒன்றை வாங்கி வந்தேன். முதல் வாரம் மகிழ்ச்சியாகக் கழிந்தது. மூன்றாம் வாரம் இடக்கையின் கட்டைவிரல் அடியில் ஒரு வலி தோன்றியது. இரண்டாம் மாதத்தில் காலையில் தண்ணீர்க் குழாயைத் திருகும்போதும் அந்த வலி தெரிந்தது. வயதாகிவிட்டது, இனி இது நமக்கு ஆகாது என்று முடிவு செய்து, கிதாரை விற்றுவிடும் எண்ணத்துடன் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றேன்.

அவர் என் வாசிப்பைச் சிறிது நேரம் கவனித்தார். கருவியைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலையே பார்த்தார். பிறகு தம் பணிமேசையின் ஓரத்தில் இருந்த வேறொரு கிதாரை எடுத்துக் கொடுத்தார். அதன் கழுத்து, பிடித்தவுடன், விறகுக் கட்டையைப் பிடித்ததுபோல் இருந்தது. இது நமக்கு ஒத்துவராது என்றே எண்ணினேன். ஆனால் கால் மணி நேரம் வாசித்தும் வலி வரவில்லை. அன்றுதான் கிதாரின் கழுத்தைப் பற்றி நான் முதன்முதலாகச் சிந்திக்கத் தொடங்கினேன்.

வலி ஏன் வருகிறது, ஏன் நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வீணையில் தண்டி எதுவோ, கிதாரில் கழுத்து அது. அதன்மேல் மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இடக்கையின் நான்கு விரல்கள் முன்புறத்தில் தந்திகளை மெட்டின்மேல் அழுத்த, கட்டைவிரல் பின்புறத்தில் நின்று எதிர்விசை கொடுக்கிறது. கழுத்து மிக மெல்லியதாக இருந்தால் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடுகிறது. கை ஏறக்குறைய மூடிய நிலையில் நின்று, ஒரு நாணயத்தை இறுக்கிப் பிடிப்பதுபோல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. உள்ளங்கைக்கு ஆதாரம் ஏதும் கிடைப்பதில்லை. சுமை முழுவதும் கட்டைவிரலின் அடித்தசையில் விழுகிறது. பருத்த கழுத்தோ உள்ளங்கையை நிரப்புகிறது. விரல்கள் சற்று விரிந்து இயல்பான வளைவில் நிற்கின்றன. சுமை கை முழுவதும் பங்கிடப்படுகிறது. எல்லாக் கைகளும் இவ்வாறே என்று நான் கூறவில்லை. ஆனால் மெல்லிய கழுத்தால் துன்புற்ற கைகள் பலவற்றுக்கு இதுவே விளக்கம்.

இனி, கழுத்துகள் எவ்வாறு பருத்தும் மெலிந்தும் வந்தன என்ற வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். கிதாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சிறியதன்று. மின்சாரக் கிதாருக்கு வழக்கமாகக் கட்டும் மெல்லிய தந்திகளுக்கே அது சுமார் 45 கிலோகிராம் எடைக்குச் சமம். அவ்வளவு இழுப்பை இரவும் பகலும் தாங்கிக்கொண்டு வளையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே, உருக்குத் தந்தி கட்டிய பழைய கிதார்களின் கழுத்தைக் கனமாகச் செய்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ என்பவர் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார். கழுத்தின் உள்ளே ஓர் உருக்குக் கம்பியைப் புதைத்து, அதனை முறுக்கித் தந்தியின் இழுப்புக்கு எதிராக நிறுத்தும் ஏற்பாடு அது. ‘ட்ரஸ் ராட்’ எனப்படும் அக்கம்பிக்கு 1923-இல் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் கழுத்தின் வலிமை மரத்தின் பருமனை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. மெல்லிய கழுத்துக்கு வழி திறந்தது அப்போதுதான்.

ஆயினும் மெலிவு உடனே வந்துவிடவில்லை. 1950-இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட எஸ்கொயர், பிராட்காஸ்டர் ஆகிய திண்மரக் கிதார்களின் கழுத்து, கடினமான மேப்பிள் மரத்தால் ஆனது. மேப்பிளின் உறுதியை நம்பி, லியோ ஃபெண்டர் முதலில் உள்ளே கம்பி வைக்கவே இல்லை. சில கழுத்துகள் வளைந்த பிறகே கம்பி வைக்கத் தொடங்கினார். பிராட்காஸ்டர் என்ற பெயர் 1951-இல் டெலிகாஸ்டர் என்று மாறியது. அக்காலத்து டெலிகாஸ்டர்களின் கழுத்து ஓர் அங்குலப் பருமனை நெருங்கும். 1952-இல் வந்த கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் கிதாரும் பருத்த கழுத்துடையதே. 1958-ஆம் ஆண்டின் லெஸ் பாலில் முதல் மெட்டருகே ஏறக்குறைய 0.9 அங்குலமும், பன்னிரண்டாம் மெட்டருகே ஏறக்குறைய ஓர் அங்குலமும் இருக்கும். 1960-இல் அதே கிதார் மெலிந்து, முதல் மெட்டருகே சுமார் 0.8 அங்குலமாகிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஓர் அங்குலம் குறைந்தது. ஏட்டில் இது சிறு எண். கையிலோ இரு கருவிகளும் வெவ்வேறு குலத்தைச் சேர்ந்தவை போலத் தோன்றும்.

1980-களில் மின்னல் வேகத்தில் வாசிக்கும் பாணி பரவியபோது, கழுத்து மேலும் மெலிந்தது. ஜப்பானிய நிறுவனமான ஐபனெஸ் ‘விஸார்ட்’ என்ற பெயரில் செய்த கழுத்துகளுள் சில, முதல் மெட்டருகே 17 மில்லிமீட்டர் பருமனே உடையவை. வேகத்தை நாடியவர்களுக்கு அது நல்ல வரவாயிற்று. ஆனால் மெலிவே வளர்ச்சி என்ற எண்ணமும் அதனுடன் பரவியது. என்னிடம் விற்பனையாளர் கூறிய வாசகம் அந்த எண்ணத்தின் எதிரொலிதான்.

பழைய கழுத்துகளைப் பற்றி இன்னொரு செய்தியையும் கூற வேண்டும். 1950-களில் கழுத்தின் உருவை இயந்திரம் ஓரளவு வெட்டிக் கொடுக்க, இறுதி வடிவத்தை மனிதர் கையே கொடுத்தது. ஃபெண்டர் தொழிற்சாலையில் கழுத்துக்கு வடிவம் கொடுத்த டாடியோ கோமஸ் என்ற தொழிலாளி, தம் பெயரின் முதலெழுத்துகளைக் கழுத்தின் அடிப்பகுதியில் பென்சிலால் எழுதி வைப்பார். அந்த எழுத்துகளை இன்றும் பழைய கருவிகளில் தேடிப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. கைவேலை என்பதால் ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு கழுத்துகள்கூட ஒன்றுபோல் இரா. ஆகவே ஆண்டைக் கொண்டு பருமனை ஊகிக்கலாமே தவிர, உறுதி கூற இயலாது.

பருத்த கழுத்து வேண்டும் என்று தெளிந்தபின் நான் செய்த முதல் தவற்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். கழுத்தின் வடிவங்களை ஆங்கில எழுத்துகளால் குறிப்பது வழக்கம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பின்புறம் மெதுவாக வளைந்திருப்பது ‘சி’. முதுகு சற்றுத் தட்டையாக இருப்பது ‘டி’. பக்கங்கள் செங்குத்தாக இறங்கித் தோள் நிறைந்திருப்பது ‘யூ’. படகின் அடிபோல் நடுவில் கூம்பியிருப்பது ‘வி’. பழுதுபார்ப்பவர் கொடுத்த கிதாரின் கழுத்து ‘சி’ வடிவம் என்று கேட்டறிந்து, அதே எழுத்து குறித்த கிதார் ஒன்றை வெளியூர்க் கடையிலிருந்து அஞ்சலில் தருவித்தேன். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்ததும் திகைத்துப் போனேன். வடிவம் ‘சி’ தான்; பருமனோ நான் விற்க நினைத்த பழைய கிதாருக்கு அண்ணன் தம்பி. எழுத்து வடிவத்தை மட்டுமே கூறும், பருமனைக் கூறாது என்பதை அந்தப் பணம் கொடுத்துக் கற்றேன்.

இந்தக் குழப்பத்துக்கு மற்றொரு கிளையும் உண்டு. 1962 முதல் ஃபெண்டர் நிறுவனத்தார் கழுத்தின் அடியில் ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என்ற எழுத்துகளுள் ஒன்றை முத்திரையிட்டனர். அது பருமனையும் குறிக்கவில்லை, வடிவத்தையும் குறிக்கவில்லை. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கிச் செல்லும் ‘நட்’ என்ற சிறு துண்டின் அகலத்தை அது குறித்தது. ‘ஏ’ என்றால் ஒன்றரை அங்குலம், ‘பி’ என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் மூன்று அரைக்கால், அதாவது 1⅝ அங்குலம், ‘சி’ 1¾, ‘டி’ 1⅞. பழைய கழுத்து ஒன்றில் ‘டி’ முத்திரையைக் கண்டு அது ‘டி’ வடிவம் என்று எண்ணுபவர் ஏமாந்து போவார்.

எழுத்தை நம்ப இயலாதெனில் எதை நம்புவது? அளவை நம்ப வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் கையாண்ட வெர்னியர் அளவி இதற்குப் போதும். தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, முதல் மெட்டையொட்டி விரற்பலகையின் மேற்புறத்திலிருந்து கழுத்தின் முதுகுவரை நடுக்கோட்டில் அளந்து கொள்ளுங்கள். அவ்வாறே பன்னிரண்டாம் மெட்டருகிலும் அளவெடுங்கள். மெட்டின் உயரத்தைச் சேர்க்காதிருப்பது நல்லது. அது கருவிக்குக் கருவி வேறுபடும். முதல் மெட்டருகே 20 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததும் மெல்லிய கழுத்து என்றும், 21, 22 நடுத்தரம் என்றும், 23-க்கு மேற்பட்டது பருத்தது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். 25 மில்லிமீட்டரைத் தொட்டால், அது ஓர் அங்குலக் கழுத்து. வேடிக்கையாகப் பந்தடிக்கும் மட்டையின் பெயரால் அழைக்கப்படும் இனம்.

இரண்டு இடங்களில் அளப்பதற்குக் காரணம் உண்டு. சில கழுத்துகள் தலைப்பக்கம் மெலிந்து உடல்பக்கம் வேகமாகப் பருக்கின்றன. சில, முனை முதல் முனை வரை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கின்றன. தாழ்ந்த மெட்டுகளிலேயே மிகுதியாக வாசிப்பவருக்கு முதல் அளவும், மேலேறி வாசிப்பவருக்கு இரண்டாம் அளவும் முக்கியமானவை. அகலத்தையும் மறக்கலாகாது. ஃபெண்டர் கிதார்களில் நட்டின் அகலம் வழக்கமாக 42 மில்லிமீட்டர், கிப்ஸனில் 43. 1960-களின் நடுவில் கிப்ஸன் அதனை 40 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கியது. அக்காலக் கருவி ஒன்றை வாங்குபவர் பருமனை மட்டும் பார்த்து அகலத்தைப் பாராவிட்டால், விரல்கள் நெருக்குண்டு தவிக்கும்.

அளவுகள் இரண்டும் ஒத்திருந்தும் கைக்கு வேறுபடும் கழுத்துகள் உண்டு. அதற்குக் காரணம் தோள் எனப்படும் பக்கப்பகுதி. ‘வி’ வடிவில் நடு மட்டும் உயர்ந்து பக்கங்கள் செதுக்கப்பட்டிருப்பதால், பிடிக்கும்போது அளவைவிடச் சிறிதாகத் தோன்றும். ‘யூ’ வடிவில் பக்கங்களும் நிறைந்திருப்பதால் பெரிதாகத் தோன்றும். கட்டைவிரலைக் கழுத்தின் மேல்விளிம்பில் கொக்கிபோல் மாட்டி வாசிப்பவர்களுக்கு ‘வி’ வடிவம் பெரும்பாலும் ஒத்துவரும். அந்தக் கூம்பு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் சென்று பொருந்தும். எரிக் கிளாப்டன் பெயரில் ஃபெண்டர் நிறுவனத்தார் 1988-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் இவ்வகைக் கழுத்துடையது. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும் முறைக்கும் இத்தகைய பிடி உதவுகிறது. அப்போது விரல் மட்டும் தள்ளுவதில்லை. கழுத்தை ஊன்றுகோலாகக் கொண்டு மணிக்கட்டே திரும்புகிறது. கருநாடக இசையை மின்சாரக் கிதாரில் வாசித்துப் புகழ்பெற்ற பிரசன்னாவின் வாசிப்பைக் கேட்டவர்கள், கமகத்துக்காக இடக்கை எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை உணர்வார்கள். அத்தகைய உழைப்புக்கு நல்ல பிடி எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, பருத்த கழுத்தை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு வருவோம். வழிகள் மூன்று. 1950-களின் கருவிகளை முன்மாதிரியாகக் கொண்டு இக்காலத்தில் செய்யப்படும் கிதார்கள் முதல் வழி. கிப்ஸன் நிறுவனம் 2019 முதல் லெஸ் பால் ஸ்டாண்டர்டை ஐம்பதுகளின் வகை, அறுபதுகளின் வகை என்று இரண்டாகப் பிரித்து வெளியிட்டது. முன்னதன் கழுத்து பருத்தது, பின்னதன் கழுத்து மெல்லியது. ஃபெண்டர் 2022-இல் வெளியிட்ட 1951-ஆம் ஆண்டு மாதிரி டெலிகாஸ்டர் ‘யூ’ வடிவக் கழுத்துடையது. இரண்டாம் வழி, பழைய கருவிகளைத் தேடுவது. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஜெஃப் பெக் பெயரில் 1991-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்து மிகப் பருத்தது. 2001-இல் அதே பெயரில் வந்ததன் கழுத்து குறைக்கப்பட்டது. பெயரைக் கேட்டு வாங்குபவர், ஆண்டையும் கேட்க வேண்டும். கூடுமானால் விற்பவரையே அளந்து சொல்லும்படி வேண்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழி, கழுத்தை மட்டும் மாற்றுவது. ஃபெண்டர் முறையில் கழுத்து உடலோடு ஒட்டப்படுவதில்லை, திருகாணிகளால் பிணைக்கப்படுகிறது. ஆகவே ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்த இயலும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள வார்மத் போன்ற நிறுவனங்கள், ஓர் அங்குலப் பருமன் வரை வேண்டிய வடிவில் கழுத்துகளைச் செய்து தருகின்றன. வாங்குமுன் தந்தியின் நீளம் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபெண்டரில் அது 25½ அங்குலம். வேறு நீளமுடைய உடலுக்கென்று செய்த கழுத்தை அவ்வுடலில் பொருத்தினால் சுருதி சேராது. உடலில் கழுத்து அமரும் குழியின் அகலத்தையும் அளந்துகொள்ள வேண்டும். கிப்ஸன் லெஸ் பால் போன்று கழுத்தை ஒட்டிச் செய்த கருவிகளில் இவ்வழி எளிதன்று. ஒன்றை நினைவில் வையுங்கள்: பருத்த கழுத்தைத் தேவைப்பட்டால் தேர்ந்த கையால் சற்றுச் செதுக்கிக்கொள்ளலாம், செதுக்கிய மரத்தைத் திரும்ப வைக்க எந்தத் தச்சராலும் இயலாது. இரண்டு அளவுகளுக்கு நடுவே ஐயம் தோன்றினால், பெரியதைத் தேர்வதே அறிவுடைமை.

பருத்த கழுத்துக்கு வேறொரு நன்மையும் உண்டு. ஒரு மரச்சட்டத்தின் விறைப்பு, அதன் பருமனின் மும்மடிப்படி உயர்கிறது. 20 மில்லிமீட்டர் பருமனை 22 ஆக்கினால் பருமன் பத்தில் ஒரு பங்கே கூடுகிறது. விறைப்போ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆதலின் பருத்த கழுத்து அவ்வளவு எளிதில் வளைவதில்லை. பருத்த கழுத்தால் ஒலி சிறக்கும் என்றும் பலர் கூறுவர். அது வாதத்துக்குரியது. உடல், தந்தி, காந்தச்சுருள், ஒலிபெருக்கி என்று ஒலியை ஆக்குவன பல. அவற்றுள் கழுத்தின் பங்கை மட்டும் பிரித்துக் காட்டுவது கடினம். கைக்குக் கிடைக்கும் சுகத்துக்காக அதனை வாங்குங்கள். ஒலியில் ஏதேனும் நன்மை வந்தால் அதனை உபரியாகக் கொள்ளுங்கள்.

பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவையும் சில உள்ளன. தந்திகள் விரற்பலகைக்கு மேல் மிக உயரமாக நின்றாலும், நட்டில் உள்ள பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தாலும், எந்தக் கழுத்தாயினும் கை நோகும். நல்ல பழுதுபார்ப்பவர் சிறு தொகைக்கு இவற்றைச் சரிசெய்துவிடுவார். தந்தியின் கனத்தைச் சற்றுக் குறைப்பதாலும் பலன் கிடைக்கலாம். இவற்றுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் கழுத்தை ஆராயுங்கள். கருவியை ஓய்வில் வைத்த பின்னும் வலியோ மரமரப்போ நீங்காவிட்டால், கடைக்காரரையும் என்னைப் போன்ற பேச்சாளரையும் விட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடையில் கருவியைச் சோதிக்கும்போது இரண்டு நிமிடத்தில் முடிவு செய்துவிடாதீர்கள். முதற்பிடியில் மெல்லிய கழுத்தே இனிமையாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருபது நிமிடம் வாசியுங்கள். உட்கார்ந்தும், தோள்வாரில் மாட்டிக்கொண்டு நின்றும் வாசியுங்கள். கை வளையும் கோணம் இரண்டிலும் வேறுபடும். ஐந்து மெட்டுகளுக்கு இடையே விரல்களை விரித்துப் பாருங்கள். பருத்த கழுத்தில் விரல் எட்டவில்லையெனில், அது உங்களுக்கு உரியதன்று. சிறிய கை உடையவர்களுக்கு மெல்லிய கழுத்தே பொருந்தும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் சிறிய கை உடையவர்களுள்ளும் பருத்த கழுத்தில் சுகம் கண்டவர்கள் இருக்கிறார்கள். கையின் நீளத்தைவிட, கட்டைவிரலை எங்கே வைத்து வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் இது அமைகிறது.

அஞ்சலில் வந்த அந்தக் கிதாரின் கழுத்தைக் கழற்றி, முதல் மெட்டருகே 24 மில்லிமீட்டர் அளவுள்ள வேறொரு கழுத்தைப் பொருத்திக்கொண்டேன். கட்டைவிரல் வலி முற்றிலும் போய்விட்டது என்று கூறமாட்டேன். மழைக்காலத்தில் சில நாட்கள் எட்டிப் பார்க்கிறது. ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்க முடிகிறது. வலியெடுத்த காலத்தில் நான் குற்றம் சொன்னது என் வயதை. குற்றம் நாலு மில்லிமீட்டர் மரத்தில் இருந்தது. உங்கள் வீட்டில் எவரேனும் “இனி எனக்குக் கை வராது” என்று கருவியைப் பெட்டியில் வைத்து மூடியிருந்தால், அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து, கழுத்தை அளந்து பாருங்கள்.